லைம் ரீஜிஸின் கல் வியாபாரம்

சரித்திர நாவல்களில் என் அபிமானத்தை முற்றும் கவர்ந்துகொண்டது எது என்று கேட்டால், வாளும் குதிரையும் அரண்மனைச் சதியும் மலிந்த நூல்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, ஜான் ஃபௌல்ஸ் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி பிரெஞ்ச் லெப்டினன்ட்ஸ் உமன்’ என்னும் நாவலையே சொல்வேன். விக்டோரியா மகாராணியின் ஆட்சியில், 1867-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் தொடங்கும் கதை அது. அதன் நாயகன் சார்லஸ் ஸ்மித்ஸன், உழைத்துப் பிழைக்க வேண்டிய அவசியமே இல்லாத கனவான். டார்வினிடம் பக்தி கொண்டவன். ஆணியடித்த பூட்ஸும் பை நிறையச் சுத்தியலுமாக, கல்லாய்ச் சமைந்த கடல் முள்ளெலிகளைத் தேடிப் புறப்பட்டவன், கடலோரக் காட்டில் வேறொன்றைக் கண்டு மதிமயங்குகிறான். காதல் கதையில் லயித்துப் படித்த எனக்கு, இரண்டாம் முறை படிக்கையில், அந்தக் கற்களின் கதையே அதிகச் சுவையுள்ளதாகத் தோன்றியது.

ஏனெனில், சார்லஸ் பொழுதுபோக்காகப் பொறுக்கிய கற்கள் அவ்வூர் ஏழைகள் சிலருக்கு ஜீவனோபாயம். பிரான்ஸுடன் நடந்த நீண்ட யுத்தத்தால் ஐரோப்பிய யாத்திரை தடைப்பட்டுப்போகவே, தனவந்தர்கள் தங்கள் நாட்டுக் கடற்கரைகளையே நாடி வந்தார்கள். கோச்சு வண்டியிலிருந்து இறங்கும் அவர்களிடம், சுருண்ட அம்மோனைட்டைப் ‘பாம்புக் கல்’ என்று விற்பார்கள். கண்டகி நதியில் எடுத்து நாம் சாளக்கிராமம் என்று பூஜையில் வைப்பதும் அந்த ஜாதிக் கல்தான். இங்கே பெருமாள், அங்கே பாம்பு! மழையில் ஊறிய களிமண் வழுக்கிக் குன்று சரியும்போதுதான் புதிய கற்கள் வெளிப்படும். அடுத்த அலையேற்றம் அவற்றை வாரிக்கொண்டு போகுமுன் எடுத்தாக வேண்டும். ஆகவே குளிரும் புயலும் கொண்ட மாரிக்காலமே அறுவடைக்காலம், மரணம் தலைக்குமேல் தொங்கும் காலமும் அதுவே.

இத்தொழிலில் கீர்த்தி பெற்றவள் மேரி ஆனிங். தச்சுவேலை செய்த தகப்பன் 1810-இல் கடனை வைத்துவிட்டுக் காலமானான். மறு வருஷம் தமையன் ஜோசப் நான்கடி நீளமுள்ள மண்டையோடு ஒன்றைக் கண்டெடுக்க, எஞ்சிய உடலைச் சில மாதங்களுக்குப் பின் பன்னிரண்டு வயதுச் சிறுமியான மேரி கண்டுபிடித்தாள். பின்னர் இக்தியோசாரஸ் என்று பெயர் பெற்ற அந்த ஜந்து ஏறக்குறைய 23 பவுனுக்கு விலைபோயிற்று. 1823-இல் அவள் எடுத்த பிளீசியோசாரஸின் கழுத்து நீளத்தைக் கண்டு, பாரிஸ் பண்டிதர் குவியே அது ஒட்டுப்போட்ட மோசடியாயிருக்கலாம் என்று சந்தேகித்துப் பின்பு ஒப்புக்கொண்டார். லண்டன் புவியியல் சங்கத்தில் அதைப் பற்றி விஸ்தாரமாகப் பேசிய கானிபேர் பாதிரியாரோ அவள் பெயரையே எடுக்கவில்லை. பெண்களுக்கு அச்சங்கத்தில் இடமும் இல்லை. 1833-இல், கூடவே திரிந்த அவளுடைய நாயைச் சரிந்த மண் மூடிக் கொன்றது. மயிரிழையில் தப்பிய அவள் அதன் பின்னும் அதே குன்றடிக்குத்தான் போனாள். போகாவிட்டால் அடுப்பு எரியாது.

1847-இல் அவள் இறந்தாள். நாவல் தொடங்கும்போது அவள் போய் இருபது வருஷம். ஆயினும் ஃபௌல்ஸ் கதையை நிறுத்திவிட்டு, அவள் எடுத்துத் தந்தவற்றால் பெரியவர்களான சாஸ்திரிகள் உள்நாட்டுப் பிராணி ஒன்றுக்குக்கூட அவள் பெயரைச் சூட்டவில்லையே என்று சினந்து பேசுகிறார். அந்தச் சினம் நியாயமானதே. ஆனாலும் சுவிட்சர்லாந்துக்காரரான அகாசி 1840-களிலேயே இரண்டு மீன் இனங்களுக்கு அவள் பெயரை இட்டிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்காலத்தில் ஃபௌல்ஸ், மேரி பிறந்த வீடு இருந்த மனையிலேயே எழுந்த லைம் ரீஜிஸ் காட்சிசாலையைப் பல ஆண்டுகள் மேற்பார்த்து, 2005-இல் காலமானார். இக்தியோசாரஸ் இனம் ஒன்றுக்கு மேரியின் பெயர் சூட்டப்பட்டது 2015-இல்.