ஆயத்தம் என்னும் சொல்: கண்டியில் கிறிஸ்தவ ஊழியமும் முஸ்லிம்களும்

குறுகிய கால ஊழியப் பயணத்துக்குப் புறப்படும் குழு சில மாலைகள் கூடி ஜெபிக்கும், சாட்சி சொல்லிப் பழகும், எந்த ஊரில் எதை உடுப்பது என்று பேசும். சபை வட்டாரத்தில் இதற்கு ஆயத்தம் என்று பெயர். கண்டியின் வரலாற்றில் இந்தச் சொல் ஒருகாலத்தில் ஆண்டுக்கணக்கைக் குறித்தது. அது சுருங்கிய கதையில் முஸ்லிம்களின் பங்கு அதிகம் பேசப்படவில்லை.

கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த ஜோசப் வாஸ் அடிகள், கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த ஒல்லாந்தரின் கண்ணுக்குத் தப்ப ஏழைக் கூலியாளின் கோலத்தில் திரிந்தவர். கண்டியை அடைய அவருக்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1692இல் போய்ச் சேர்ந்ததும் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைத்தார்கள். 1697இல் பெரியம்மை பரவியபோது நோயாளிகளிடையே தங்கிப் பணிசெய்தார். அதன் பின்னரே நகரம் அவரை நம்பியது. அதே மலைநாட்டில் அவருக்கு முன்பே வேறொரு கூட்டம் அடைக்கலம் பெற்றிருந்தது. போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து துரத்திய முஸ்லிம்களுக்குச் செனரத் மன்னன் இடம் கொடுத்திருந்தான். ஆக, போதகரும் முஸ்லிம்களும் பௌத்த அரசர்களின் நிழலில் ஒதுங்கியவர்கள். இந்தச் சமநிலை பின்னர் ஒருபோதும் திரும்பவில்லை.

1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போயிற்று. சர்ச் மிஷனரி சங்கத்தின் லாம்பிரிக் 1818இல் வந்தார். 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களைக் கோப்பித் தோட்டங்களுக்கு வரவழைத்தது. அவர்கள் கற்க வேண்டியிருந்த புதுமொழி எதுவுமில்லை. கண்டி முஸ்லிம்களின் வீட்டுமொழியும் தமிழே. ஆனால் மிஷனின் இலக்கு தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள், முஸ்லிம்களின் கடைவீதியன்று. முஸ்லிம்களை மிஷன் எட்டியது பெரும்பாலும் பிரசங்கத்தால் அன்று, பள்ளிக்கூடத்தால் என்றே நான் கருதுகிறேன். ஆங்கிலம் வேண்டுமென்றால் பைபிள் வகுப்பும் சேர்ந்து வந்தது. பிள்ளையின் ஈமான் (இறைநம்பிக்கை) போய்விடும் என்று அஞ்சிய பெற்றோர் ஆங்கிலத்தையே வேண்டாம் என்றார்கள்.

இந்த முட்டுச்சந்தை உடைத்தவர் கண்டியிலேயே 1838இல் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ நாவலை வெளியிட்டார். 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் கொழும்பு வந்த ஒராபி பாஷா இம்முயற்சிக்குத் துணைநின்றார். 1892இல் அவரும் கண்டிக்கே குடிபெயர்ந்தார். மிஷனரிகள் ஆயத்தமானதைவிட ஆழமாக எதிர்த்தரப்பு ஆயத்தமானது என்று சொன்னால் அது மிகையாகாது. மிஷனிடமிருந்து பள்ளிக்கூடம் என்ற வடிவத்தை வாங்கிக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றினார்கள். கண்டிக்கு அருகே கலகெதரவில் பிறந்த டி. பி. ஜாயா அங்கிலிக்கன் பள்ளியான சென்ட் தோமஸில் பயின்று, 1921இல் கொழும்பில் முஸ்லிம்களின் ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபரானார்.

மிஷன் தரப்பில் ஆயத்தம் தனித் துறையானது பிந்தித்தான். 1910 எடின்பரோ மாநாடு மிஷனரிகளின் பயிற்சிக்கென்றே ஒரு குழுவை அமைத்தது. முஸ்லிம்களிடையே பணிபுரிவோருக்காக 1930இல் லாகூரில் தொடங்கிய ஹென்றி மார்ட்டின் பள்ளி, இன்று ஹைதராபாத்தில் சமய நல்லிணக்கத்தைக் கற்பிக்கிறது. கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் 1963இல் எழுந்த இலங்கை இறையியல் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் போதகர்களை உருவாக்குகிறது. இத்தனைக்கும் பிறகு இரண்டு வாரப் பயணம் என்ற வடிவம் வந்தது. விமானக் கட்டணம் மலிந்ததும் ஒரு காரணம்.

இப்படிப் பயணம் வருகிறவர் அறியாத சட்டமும் இருக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை இந்திய அரசியலமைப்பு பெயர்சொல்லித் தருகிறது, இலங்கையினுடையது தரவில்லை. மென்சிங்கன் கன்னியர் சபையைச் சட்டப்படி நிறுவும் மசோதா பற்றிய வழக்கில் 2003இல் இலங்கை உயர் நீதிமன்றம் இதைச் சுட்டிக்காட்டியது. பிறகு 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம்: கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிந்தன, 6ஆம் தேதி அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர், மொழி தெரியும் என்ற தைரியத்தில் அக்குறணைக் கடைத்தெருவில் இறங்கலாம். அவர் ‘கர்த்தராகிய இயேசு’ என்பார். கடைக்காரர் அறிந்தவர் ‘ஈஸா நபி’. வந்தவர் ‘ஜெபம்’ என்பார். கடைக்காரருக்கு அது ‘தொழுகை’யாகவும் இருக்கலாம், ‘துஆ’ என்னும் வேண்டுதலாகவும் இருக்கலாம்.