கட்டுமீறும் டீசல் இன்ஜினும் மசகு எண்ணெயின் வரலாறும்

ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897 பிப்ரவரியில் ருடால்ஃப் டீசலின் இன்ஜினைச் சோதித்த பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர், எரிபொருளின் வெப்பத்தில் 26.2 சதவீதம் பயனுள்ள வேலையாக மாறுகிறது என்று கணக்கிட்டபோது, அக்கால நீராவி இன்ஜின்கள் எட்டாத அந்த அளவே அனைவரின் கவனத்தையும் ஈர்த்தது. அந்த அமைப்பிலேயே பொதிந்திருந்த ஓர் அபாயம் பின்னரே தொழில்துறையின் கவலையாயிற்று. பெட்ரோல் இன்ஜினுக்குள் செல்லும் காற்றைக் குறைத்தால் வேகம் குறையும், தீப்பொறியை நிறுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். டீசலிலோ காற்று தடையின்றி நுழைகிறது, அழுத்தத்தால் சூடேறிய அக்காற்றே எரிபொருளைப் பற்றவைக்கிறது, வேகத்தைக் கட்டுப்படுத்துவது உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவு ஒன்றே. ஆகவே காற்றோடு சேர்ந்து வேறொரு எரிபொருள் உள்ளே வந்துவிட்டால் சாவியைத் திருப்பினாலும் பயனில்லை. இன்ஜின் தானாக வேகமெடுத்து, உடையும்வரையோ காற்று அடைபடும்வரையோ ஓடும் இந்நிலையையே மெக்கானிக்குகள் ‘ரன்அவே’ என்கின்றனர். கட்டுமீறிய ஓட்டம் என இதைக் கூறலாம். அப்படி வந்துசேரும் எரிபொருள் பெரும்பாலும் இன்ஜினின் சொந்த மசகு எண்ணெயே.

டீசலுக்கெனத் தனி எண்ணெய் வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் இருக்கவில்லை. அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம் 1931இல் ‘டீசல் சிக்ஸ்டி’ டிராக்டரைக் கொண்டுவந்த பிறகே, எதுவும் சேர்க்காத கனிம எண்ணெய் அந்த வெப்பத்தில் சிதைந்து, பிஸ்டன் ரிங்குகள் அமரும் பள்ளங்களில் அரக்குப்போல் இறுகுவது தெளிவாயிற்று. ரிங் அசையாமல் ஒட்டிக்கொண்டால் எரிந்த வாயு கீழிறங்கிக் கிராங்க் அறையில் அழுத்தத்தைக் கூட்டும், எண்ணெய் மேலேறி எரியும், சிலிண்டர் சுவரும் விரைவில் தேயும். கலிபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனம் 1935இல் ‘டெலோ’ என்ற பெயரில் வெளியிட்ட கூட்டு எண்ணெய் இச்சிக்கலுக்கு விடையாக வந்தது. அத்தகைய எண்ணெய்களில் கரைந்துள்ள, சோப்பின் தன்மையுடைய உலோகச் சேர்மங்கள் அழுக்கை ஓரிடத்தில் படியவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைத்தன. டீசல் வண்டியில் ஊற்றிய புது எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடுவதைக் குறையாகக் கருதுவோர் இன்றும் உண்டு. உண்மையில் அது அந்த எண்ணெய் தன் வேலையைச் செய்வதற்கான அடையாளம்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1938இல் வெளியிட்ட ‘71’ வரிசை இன்ஜின்கள் இந்த வரலாற்றில் தனியிடம் பெறுவன. ஈரடி இயக்க வகையைச் சேர்ந்த இவற்றில், சுழலும் ஊதியொன்று காற்றைச் சிலிண்டருக்குள் தள்ளியது. அந்த ஊதியின் முனைகளிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் தேய்ந்தால் எண்ணெய் நேரே காற்றுப்பாதைக்குள் கசியும். அதற்காகவே நுழைவாயிலில் ஸ்பிரிங் விசையால் சட்டென மூடும் தகடு ஒன்று பொருத்தப்பட்டது. ஆனால் ஓடும் இன்ஜினில் அதை மூடினால் உள்ளே உண்டாகும் வெற்றிடம் எண்ணெயைத் தடுப்பு வளையங்களைத் தாண்டி இழுத்துவிடும் என்பதால், அவசரத்துக்கு அன்றி அதைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கப்பட்டது. காப்பாற்றும் கருவியே வழக்கமாகப் பயன்படுத்தினால் நோயை வளர்க்கும் என்ற இந்த முரண், பொறியியலில் அடிக்கடி காணக்கிடைப்பதன்று. இவ்வின்ஜின்களுக்குச் சாம்பல் குறைந்த 40 என்ற ஒற்றைத் தர எண்ணெயே பரிந்துரைக்கப்பட்டது. பலதர எண்ணெய்கள் எங்கும் பரவிய பின்னும் அப்பரிந்துரை மாறவில்லை.

எரிபொருளைக் கூட்டித் திறனைப் பெருக்கும் பந்தய, இழுவைப் போட்டி இன்ஜின்களில் அபாயத்தின் வாசல் டர்போசார்ஜராயிற்று. 1905இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி காப்புரிமை பெற்ற இக்கருவி, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று காற்றை அழுத்துகிறது. சிறிய இன்ஜின்களில் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அதன் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதப்பதால், எண்ணெய் திரும்பும் குழாய் அடைபட்டாலோ கிராங்க் அறையின் அழுத்தம் ஏறினாலோ எண்ணெய் காற்றுப்பக்கம் கசிந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் அடியில் தேங்குகிறது. அதைக் கழுவாமல் பொருத்திய புது இன்ஜினும் பழையதன் வழியே போகக்கூடும்.

எண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. எரியும் வாயுவும் இதே விளைவைத் தரும். 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த வெடிவிபத்தில், கசிந்த ஆவியை உறிஞ்சி வேகமெடுத்த ஒரு டீசல் பிக்கப் வண்டியே ஆவி பற்றியெரியக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் முடிவுசெய்தனர்.

கட்டுமீறிய ஓட்டத்தால் இன்ஜினை இழந்தவர் அடுத்த முறை தடித்த எண்ணெயை நாடுவது வழக்கம்; அந்த நாட்டத்துக்கு ஓரளவே நியாயம் உண்டு. 15டபிள்யூ-40 எண்ணெய் 150 டிகிரி செல்சியஸில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையிலும், 3.7 மில்லிபாஸ்கல்-நொடிக்குக் குறையாத பாகுநிலை கொண்டிருக்கவேண்டும் என்பது வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்.ஏ.இ.யின் விதி. மிகையான எரிபொருள் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயை நீர்க்கச்செய்யும் போட்டி இன்ஜின்களில் இந்த இருப்பு பயன்தரும். 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த எஃப்.ஏ-4 என்ற டீசல் எண்ணெய்த் தரம், எரிபொருள் சிக்கனத்துக்காக அதே அளவை 2.9க்கும் 3.2க்கும் இடையில் வைப்பதால், இத்தகைய இன்ஜின்களுக்கு அது பொருந்தாது. உடன் வந்த சி.கே-4 தரமே ஏற்றது. தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் பத்து லட்சத்தில் 1,000 பங்குக்குக் குறையக்கூடாது என்று அதன்மேலும் ஃபோர்டு நிறுவனம் தன் டீசல் வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தது.

ஆயினும் இவை எதுவும் தடுப்பு வளையம் கசிவதைத் தடுக்கா. வேகம் இருமடங்கானால் கனெக்டிங் ராடின்மேல் விழும் இழுவிசை நான்கு மடங்காகும் என்பதால், ஒருமுறை கட்டுமீறி ஓடிய இன்ஜினின் ராடு போல்ட்டுகளும் பேரிங்குகளும் பார்வைக்குக் கெடாதிருப்பினும் கழற்றி அளக்கப்படவேண்டும்; டர்போவும் இன்டர்கூலரும் துப்புரவாக்கப்பட்டு, காற்றை மூடும் தகடு பொருத்தப்பட்ட பின்னரே எண்ணெயைப் பற்றிய பேச்சு தொடங்கவேண்டும்.