பாய்லர் சத்தமும் ஹோம் தியேட்டரும்

திருச்சிக்காரர்களுக்குப் பொன்மலை என்றதும் ரயில்வே பணிமனைதான் நினைவுக்கு வரும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே மாற்றி 1928-ல் திறந்தது. அது நீராவி எஞ்சின் காலம். தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடிப்பது, பாய்லரைத் தட்டிச் சரி பார்ப்பது என்று எல்லாமே சுத்தியல் வேலை. இதற்கும் வரவேற்பறையில் இருக்கும் 5.1 ஸ்பீக்கர் செட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது!

1886-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தாமஸ் பார் பாய்லர் தொழிலாளர்கள் நூறு பேரின் காதுகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடச் சரியான கேள்வித்திறன் இல்லை. ஆங்கிலத்தில் இந்தக் குறைக்கு 'பாய்லர்காரர் செவிடு' என்றே பெயர் வந்துவிட்டது. பெயரைப் பார்த்து ஒன்றுமே கேட்காது என்று நினைத்துவிடக் கூடாது. பெருஞ்சத்தத்தில் வருடக்கணக்கில் வேலை பார்த்தால் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலிகள். கீழ் ஸ்தாயி அப்படியே இருக்கும். உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. அதனால் 'கத்து', 'சத்து', 'பத்து' மூன்றும் ஒன்றுபோல விழும். "காது நல்லாத்தான் கேக்குது, பேசறதுதான் புரியல" என்று ரிட்டயர் ஆன பெரியவர்கள் சொல்வது சாக்கு இல்லை, அறிவியல்! இந்தியாவில் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபலை உச்ச வரம்பாக வைத்திருக்கின்றன. அந்த விதியெல்லாம் வருவதற்கு முன்பே எத்தனையோ பேர் வேலை பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இப்போது சினிமாப் பக்கம் வருவோம்.

எவ்வளவு சத்தம் என்பதை அளக்கும் டெசிபல் என்ற சொல்லே 1920-களில் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆட்கள் கொண்டுவந்தது. அதே பெல் ஆய்வகத்தில் 1933-ல் ஃப்ளெட்சரும் மன்சனும் ஓர் உண்மையை அளந்து காட்டினார்கள்: சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, நம் காதுக்கு பாஸ் மட்டும் கூடுதலாகக் குறைந்துபோகும். அதாவது, ஒரு படத்தை மிக்ஸ் செய்த அளவிலேயே கேட்டால்தான் மிக்ஸ் செய்தவர் கேட்டது நமக்கும் கேட்கும்.

அந்த அளவு என்ன என்று ஊருக்கு ஊர் ஒரு கணக்கு இருந்ததை 1970-களில் டால்பி நிறுவனம் ஒழுங்குபடுத்தியது. (அதன் நிறுவனர் ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் வேலை பார்த்தவர். கம்பெனி தொடங்கியது இங்கிருந்து லண்டன் போன பிறகுதான்.) 'பிங்க் நாய்ஸ்' என்ற இரைச்சலை ஒவ்வொரு திரை ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, மீட்டர் 85 டெசிபல் காட்டும்படி வைக்க வேண்டும். ப்ரொஜெக்டர் அறையில் இருக்கும் டால்பி பெட்டியின் குமிழில் அதுதான் 7-ம் எண்.

தமிழில் 1986-ல் 'மாவீரன்' 70 எம்.எம். படமாக வந்தது. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியுடனும், 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியுடனும் வந்தன. இரண்டுமே இந்திய அளவில் ஆரம்பகால முயற்சிகள். இந்த மாற்றத்தில் முக்கியமான பெயர் ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர். 'மகாநதி', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' உட்பட நான்கு படங்களுக்குத் தேசிய விருது வாங்கியவர், 2008-ல் காலமானார். பாடலை ரசிக்கும் நாம் மிக்ஸ் செய்தவர் பெயரைப் படிப்பதே இல்லை.

ஆனால் குமிழ் 7-லேயே நிற்கவில்லை! ட்ரெய்லர் காது கிழிகிறது என்று புகார் வந்தால் ஆபரேட்டர் 5-க்கு இறக்குவார். படத்தில் வசனம் கேட்காது. அதற்குப் பயந்து அடுத்த படத்தை இன்னும் சத்தமாக மிக்ஸ் செய்வார்கள். உலகம் முழுக்க நடந்த கூத்து இது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

வீட்டுக்கு 5.1 வந்தபோது ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கராக 75 டெசிபலுக்கு வைக்க வேண்டும். 2000-களின் முதல் பாதியில் பயோனியர், யமாகா ரிசீவர்களுடன் சின்ன மைக் ஒன்று வர ஆரம்பித்தது. ஸ்டார் வார்ஸ் வரிசைக்காக டி.எச்.எக்ஸ். தரத்தை உருவாக்கிய டாம்லின்சன் ஹோல்மன், 2002-ல் வேறு சிலருடன் சேர்ந்து ஆடிஸி நிறுவனத்தைத் தொடங்கினார். மைக்கை உட்காரும் இடங்களில் மாற்றி மாற்றி வைத்தால் தூரம், அளவு, அறையின் எதிரொலி எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுவிடும்.

பிறகு ஏன் படம் போட்டதும் "பாஸே இல்லை", "வசனம் அமுங்குது" என்கிறார்கள்?

பாஸ் விஷயத்தில் பாதி பழக்கதோஷம். 12 அடி நீளமுள்ள கான்கிரீட் அறையில் 47 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இயல்பாகவே ஒரு வீக்கம் இருக்கும். கருவி அதைத் தட்டி எடுத்துவிடுகிறது. மீதிப் பாதி ஃப்ளெட்சர், மன்சன் சொன்னது: யாரும் வீட்டில் தியேட்டர் அளவுக்கு வைத்துக் கேட்பதில்லை. அதனால்தான் பலர் சப்வூஃபரை 3 டெசிபல் ஏற்றுகிறார்கள். அது தப்பில்லை. 10 ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார்.

சத்தம் குறையும்போது பாஸையும் பின்பக்க ஸ்பீக்கர்களையும் தானாகவே தூக்கும் வசதி ஆடிஸியில் உண்டு, பெயர் டைனமிக் ஈ.க்யூ. டி.வி. நிகழ்ச்சிகளுக்கு இது அதிகமாகிப் பின்பக்க இரைச்சல் வசனத்தை மூடும். அதற்கு 'ரெஃபரன்ஸ் ஆஃப்செட்' என்ற இடத்தில் 10 அல்லது 15 வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பெரியவர் கதை. மைக் அளப்பது அறையை மட்டுமே. நாற்பது வருடம் சுத்தியல் சத்தத்தில் இருந்த காது அதன் கணக்கிலேயே இல்லை. எல்லா ஸ்பீக்கரும் சமம் என்று திரையில் காட்டும்போதே அவருக்கு சென்டர் ஸ்பீக்கரின் மெய்யெழுத்துகள் தொலைந்திருக்கும். மொத்த வால்யூமை ஏற்றினால் வெடிச்சத்தமும் சேர்ந்து ஏறி, வீட்டில் மற்றவர்கள் குறைக்கச் சொல்வார்கள். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். மாறாக, சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றி, பின்பக்கத்தை 2 இறக்கினால் வசனம் முன்னால் வந்து நிற்கும். அவர் நாற்காலி ஓரத்தில் இருந்தால், அளக்கும்போதே அங்கேயும் ஒருமுறை மைக்கை வைத்திருக்க வேண்டும். எல்லா ரிசீவரிலும் ஸ்பீக்கர் லெவல் மெனு இருக்கிறது. தொடுவதற்கு முன் பழைய எண்களை ஒரு தாளில் எழுதி ரிசீவருக்கு அடியில் வைத்துவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, தெரிந்த வசனம் வரும் ஒரு பழைய படத்தைப் போட்டுத்தான் திருக வேண்டும்.