ஊசியாய் வளரும் துத்தநாகம்

துத்தநாக-புரோமின் பேட்டரிக்கு 1885இலேயே அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது வெகுகாலம் சந்தைக்கு வரவில்லை. சார்ஜ் ஏறும்போது துத்தநாகம் தகட்டில் சமமாகப் படியாது. சாம்பல் நிற முட்களாகக் கிளைத்து, நடுவிலுள்ள சவ்வைத் துளைத்துவிடும். புரோமினோ சவ்வைத் தாண்டி வந்து துத்தநாகத்தையே கரைக்கும். 1970களில் எக்ஸான் ஆய்வாளர்கள் கரைசலில் ஓர் உப்பைச் சேர்த்து, புரோமினை எண்ணெய் போன்ற கனத்த திரவமாகத் தனியே பிரித்தார்கள். என்னைக் கேட்டால், பெரிய திருப்பம் அதுதான்.

முட்களுக்கு வழி, அவ்வப்போது பேட்டரியை ஒட்டக் காலிசெய்து தகட்டை வெறுமையாக்குவது. ஈய பேட்டரியோடே பழகிய எனக்கு முதலில் நெஞ்சு பதறியது; அதை அப்படிக் காலிசெய்தால் கெட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் ரெட்ஃப்ளோ பேட்டரிகள் இந்த வேலையைத் தாமே செய்துகொண்டன. 2024இல் அந்த நிறுவனம் முடங்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.