வினவுதலே வரலாறு

‘வரலாறு’ என்னும் நம் சொல் வந்த வழியைக் குறிக்கும். ‘இதிகாசம்’ என்னும் வடசொல் ‘இவ்வாறு இருந்தது’ எனப் பொருள்படும். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வரலாற்றுக்கு வழங்கும் பெயரோ ‘ஹிஸ்டோரெய்ன்’ என்னும் கிரேக்க வினையைச் சார்ந்தது. அவ்வினையின் பொருள் கதை கூறுதலன்று; வினவி அறிதல்.

அதற்கு மூலமாய் நிற்பது ‘ஹிஸ்டோர்’ என்னும் பெயர்ச்சொல். அறிந்தவன், சான்றாளன், நடுவன் என அது பொருள் தரும். ஹோமரின் ‘இலியட்’ காப்பியம் 18ஆம் பகுதியில், அக்கிலீசின் கேடயத்தில் ஒரு வழக்குக் காட்சி பொறிக்கப்படுகிறது. கொலையுண்டவன் பொருட்டுத் தரும் ஈட்டுப்பொருளைப் பற்றி இருவர் வழக்காடுகின்றனர். தீர்வு வேண்டி அவர்கள் நாடுவது ஒரு ‘ஹிஸ்டோரை’யே. பியோட்டியா நாட்டுக் கல்வெட்டுகளில் இச்சொல் வகர ஒலியை முதலாகக் கொண்டு சாட்சிகளைக் குறிக்கிறது. அவ்வகரம் சொல்லின் வேரைக் காட்டுகிறது. காணுதல், அறிதல் என்னும் பொருளுடைய அத்தொல்வேரிலிருந்தே வடமொழி ‘வித்’, ‘வேதம்’ என்பனவும், ‘காண்’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘விதேரே’யும் கிளைத்தன என்பர் மொழிநூலார். கண்டவனே அறிந்தவன் என்னும் கருத்து இவற்றுள் பொதிந்திருத்தல் நோக்கத்தக்கது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டினரான ஹெரோடோட்டஸ், தம் நூலைத் தொடங்கும்போதே அதனைத் தம் வினவலின் வெளிப்பாடு என்கிறார். எகிப்தைப் பற்றிக் கூறுமிடத்து, தாம் கண்டதும் கருதியதும் வினவி அறிந்ததும் ஒருபால், அந்நாட்டார் சொல்லக் கேட்டது மற்றொருபால் எனப் பிரித்துரைக்கிறார். பிறர் சொன்னதை எழுதுதல் தம் கடமை, அதனை முற்றும் நம்புதல் கடமையன்று என்பதும் அவர் கொள்கை. அரிஸ்டாட்டில் விலங்குகளை ஆராய்ந்த நூலும் ‘ஹிஸ்டோரியா’ என்றே பெயர் பெற்றது. காலப்போக்கில், வினவும் செயலின் பெயர் அதனால் விளைந்த நூலுக்கும், பின்னர் நிகழ்ந்து கழிந்த காலத்துக்குமே ஆயிற்று. வினை மறைந்தது, பெயர் நின்றது.

இம்மறைவு நமக்கும் பாடமாகும். முச்சங்கங்கள் 9,990 ஆண்டுகள் நிலவின என இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. அது கேட்ட செய்தி. புகழூர்ப் பாறையில் சேர அரச மரபினர் மூன்று தலைமுறையினரின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அது கண்ட சான்று. விழா மேடைகளில் நாம் இரண்டையும் ஒரே குரலில் முழங்கிவிடுகிறோம். கேட்டதைப் போற்றுவோம், ஆயின் கண்டதனோடு கலவாது வைப்போம். ‘இதனைக் கண்டவர் யார்?’ என வினவுதல் தமிழுக்கு இழுக்கன்று. அவ்வினாவுக்கு விடையளிக்கும் சான்றுகள் தமிழுக்கு உண்டு என்பதே நமக்குப் பெருமை.