காதுள்ள முள்

பத்து வருஷங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு மடக்குக் கத்தியைப் பரிசளித்தார். சிவப்புக் கைப்பிடி, மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பிரிக்கத் தொடங்கினாலோ தசாவதாரம் எடுக்கும். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், திருப்புளி, தகர டப்பா திறப்பது, ரம்பம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். முதுகுப்புறத்தில் முள் மாதிரிக் கூராக ஒன்று. அதில் ஒரு சிறு துளை. அது எதற்கென்று நண்பருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று முதல் அதைப் பையில் போட்டுக்கொள்ளாமல் நான் வெளியே புறப்பட்டதில்லை. இத்தனை வருஷத்தில் அதைக்கொண்டு நான் சாதித்தது என்னவென்றால், தபால் உறைகளைக் கிழித்ததும் ஆரஞ்சுப் பழம் உரித்ததுந்தான்.

ஒரு பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் பாதி தூரம்கூட நடந்திருக்க மாட்டேன்; தோள்பையின் வார் அறுந்து விழுந்தது. ஓரமாக உட்கார்ந்து, பெருமிதத்தோடு கத்தியை எடுத்தேன். இந்த நாளுக்காக அல்லவா இதைச் சுமந்து வந்தோம்! எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அறுக்க ஆறு வழி இருந்தது. சேர்க்க ஒரு வழியும் எனக்குப் புலப்படவில்லை.

பக்கத்தில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த கிழவி என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். பையை வாங்கி, வாரைச் சேர்த்துக் குத்தித் திருப்பிக் கொடுத்தாள்.

"வூடு போற வரைக்கும் தாங்கும், நட சாமி" என்றாள்.

காசு நீட்டினேன். "இதுக்கா? வேணும்னா மல்லாட்டை வாங்கிக்கோ" என்றாள். வாங்கிக்கொண்டேன். மிச்ச வழியெல்லாம் கடலையைக் கொறித்தபடி கத்தியைப் பற்றியே யோசித்துக்கொண்டு நடந்தேன்.

பல கருவிகளை ஒரே பிடிக்குள் அடக்கிக் கூடவே கொண்டுபோகும் ஆசை மனிதனுக்குப் புதிதல்ல. கேம்பிரிட்ஜிலுள்ள பிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளியால் ஆனது, கரண்டி, முட்கரண்டி, கத்தி, குத்தூசி எல்லாம் அதில் உண்டு. நம் முன்னோரும் சளைத்தவர்கள் அல்லர். ஏட்டில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி. மறுபக்கம் ஓலை வாரும் கத்தி. இரண்டும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். ஓலையைச் சீராக்கவும் அதுவே, எழுதவும் அதுவே. அரைஞாணில் முள்வாங்கியையும் காதுக் குறும்பி எடுக்கும் கரண்டியையும் கோத்துக்கொண்டு திரிந்த கிராமத்துப் பெரியவர்களும் இந்த வம்சத்தைச் சேர்ந்தவர்களே.

என் கத்தியின் கோத்திரம் ஸ்விட்சர்லாந்து. அந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு 1891-ல் ஒரு கத்தி கொடுக்கப்பட்டது. துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, டப்பாவைத் திறக்க ஒரு கருவி, துளை போட ஓர் ஊசி, ஒரு வெட்டுக் கத்தி. கார்ல் எல்ஸ்னர் என்ற கத்தித் தயாரிப்பாளர் அதையே இலகுவாக்கி, இன்னும் சில கருவிகளைச் சேர்த்து, 1897 ஜூன் மாதத்தில் பதிவு செய்தார். பிற்பாடு 1975-ல் டிம் லெதர்மன் என்ற அமெரிக்கர் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. பையில் கத்தி இருந்தது, குறடு இல்லை. அந்த எரிச்சலில் பிறந்த குறடும் கத்தியும் சேர்ந்த கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது.

இவையெல்லாம் ஒரே பயத்தின் குழந்தைகள். நடுவழியில் ஏதாவது உடைந்தால் என்ன செய்வது என்ற பயம்.

எல்ஸ்னர் தம் கத்தியைப் பதிவு செய்வதற்குச் சில மாதங்கள் முன்பு, 1896 செப்டம்பர் 1-ந் தேதி, மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் இந்தத் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். மிச்சமிருந்த மூன்றரை ரூபாயை அய்யங்குளத்தில் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டான். வேங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் உலகம் பின்னால் ரமண மகரிஷி என்று அறிந்தது.

கையில் ஒன்றும் இல்லாதவனுக்கும் துணி கிழியத்தானே செய்யும்? மலைமேல் இருந்த நாட்களில் கோவணம் கிழிந்தால் என்ன செய்தார் என்பதை ரமணரே பிற்காலத்தில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். சூரி நாகம்மா தம் கடிதங்களில் எழுதிவைத்திருக்கிறார். யாரிடமும் ஊசி நூல் கேட்கவில்லை. ஒரு முள்ளை எடுத்தார், அதில் துளையிட்டார், கோவணத்திலிருந்தே ஓர் இழையை உருவிக் கோத்தார், தைத்தார். தையல் வெளியே தெரியாதபடி மடித்துக் கட்டிக்கொண்டார்.

இன்னொரு சம்பவமும் பதிவாகியிருக்கிறது. வேலூர் ஊரீஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, நிஷ்காமிய கர்மம் என்றால் என்ன என்று கேட்டார். பதில் வரவில்லை. ரமணர் மலைமேல் நடந்தார். பண்டிதரும் சிலரும் பின்தொடர்ந்தார்கள். வழியில் முள் நிறைந்த ஒரு கழி கிடந்தது. ரமணர் அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்களைக் களைந்து, கணுக்களை வழவழப்பாக்கி, சொரசொரப்பான இலையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார். சுமார் ஆறு மணி நேரம் ஆயிற்று. எல்லாரும் அதன் அழகைக் கண்டு வியந்தார்கள். திரும்பி நடக்கையில், கோலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டிருந்த ஆட்டிடையப் பையன் ஒருவன் எதிரே வந்தான். கழியை அவனிடம் கொடுத்துவிட்டு ரமணர் நிற்காமல் நடந்தார். தம் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றார் பண்டிதர்.

பண்டிதருக்கு வேதாந்தம் கிடைத்தது. எனக்கு அந்த ஆறு மணி நேரந்தான் மனத்தில் தைத்தது. கருவியே வேண்டாம் என்று சொல்ல நான் துறவியல்ல. ஆனால் எனக்கிருந்த குறை கருவி அல்ல. எதையும் பழுதுபார்க்கலாம் என்று ஒரு கத்தியைச் சுமந்துகொண்டு, பழுதான ஒவ்வொன்றையும் நேரமில்லை என்று குப்பையில் எறிந்து வந்திருக்கிறேன். உடைந்த பொருளின் முன்னே உட்கார்ந்து, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்திருந்தால், முள்ளும் இழையும் கண்ணில் பட்டிருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் வழக்கம்போல் புதுப் பை வாங்கலாம் என்றுதான் தோன்றியது. கிழவியின் ஊக்கைப் பார்த்ததும் மனசு வரவில்லை. கத்தியைப் பிரித்து, அந்தத் துளையுள்ள முள்ளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தடித்த நூல் ஒன்றை அந்தத் துளையில் கோத்தேன்.

தைப்பதற்குத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்! பத்து வருஷமாக என் பையிலேயே இருந்திருக்கிறது, ரமணரின் முள்.

ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. தையல் கோணல்தான், மறைத்து மடிக்கவும் வழியில்லை. ஊக்கை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த பௌர்ணமிக்குப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். அவள் வாங்கிக்கொள்ள மாட்டாள். மல்லாட்டை வாங்கச் சொல்லுவாள்.