வன்னியில் அரச திட்டமிடலும் கூலி உழைப்பும்: படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

வன்னிப் பெருநிலப்பரப்பின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் போரின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகின்றது. போருக்கு முந்திய ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கு அரச திட்டமிடலின் காலமாக விளங்கியது என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. குளம், காணி, கல்வி, தொழில் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்து, சனத்தொகை அருகிய ஒரு நிலப்பரப்பிற் புதியதொரு கமக்காரச் சமூகத்தை உருவாக்க அரசு முனைந்த காலம் அது. அத்திட்டங்கள் எவரைத் தமது பயனாளியாகக் கொண்டன, எவரது உழைப்பைக் கணக்கிற் கொள்ளாது விட்டன என்ற இரு வினாக்களையே நாம் இக்கட்டுரையில் எழுப்ப விழைகின்றோம்.

இவ்வினாக்களுக்கு நாம் காணும் விடையை முதலிலேயே கூறிவிடலாம். வன்னியிற் கல்விக்குத் திட்டம் இருந்தது. வேலைவாய்ப்புக்குத் திட்டம் இருந்தது. வேலைத்தலத்தின் நீதிக்கு மாத்திரம் திட்டம் இருக்கவில்லை. காணி பெற்றவருக்கும் அக்காணியிற் கூலிக்கு நின்றவருக்கும் இடையே உருவான உற்பத்தி உறவைத் திட்டமிட்டோர் தமது பொறுப்பாகக் கருதவில்லை. இவ்விடைவெளியே அத்திட்டங்களின் சமூக விளைவைத் தீர்மானித்தது.

1

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன்னி பாழடைந்த குளங்களினதும் காய்ச்சலினதும் நாடாகவே குடியேற்றவாத நிர்வாகிகளுக்குத் தோன்றியது. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இந்நோக்கின் ஆவணம் எனலாம். 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் கட்டுமானம் இந்நிலையை மாற்றுவதற்கான முதலாவது பெருமுயற்சியாகும். குளம் கட்டி முடிந்த பின்னரும் அதன்கீழ் விளைவிக்கப் போதிய மக்கள் இருக்கவில்லை. நீர் இருந்த இடத்தில் உழைப்பு இல்லை. உழைப்பு மிகுந்திருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலம் இல்லை. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டு 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கப்பட்டது. ஆகவே, கிளிநொச்சி நகரமே வேலைவாய்ப்புத் திட்டமொன்றின் பிள்ளை என்பது மிகைக்கூற்றாகாது.

இக்குடியேற்றங்களின் சட்ட அடிப்படை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமாகும். 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் சிந்தனையும், 1931 முதல் விவசாய, காணி அமைச்சராக இருந்த டி. எஸ். சேனநாயக்காவின் கொள்கையும் அதனை உருவாக்கின. கமக்காரன் கடன்பட்டுக் காணியை இழந்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். எனவே காணியை விற்பதற்கும் ஈடுவைப்பதற்கும் துண்டாடுவதற்கும் அது தடைகளை விதித்தது. காணி முழுமையாக ஒரே வாரிசைச் சென்றடைய வேண்டும் என்றது. அவ்வாரிசுரிமை வரிசையில் நெடுங்காலம் மகனுக்கே முதலிடம் இருந்தது; மகள் பின்னே நின்றாள்.

இச்சட்டத்தின் உள்முரண்பாடு மனங்கொளத்தக்கது. ஒரு குடும்பத்தை நிலமற்ற நிலையினின்று அது காப்பாற்றியது. அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் ஒருவர் நீங்கலாக ஏனையோரை நிலமற்றோராக்கியது. வயலை இழந்த பிள்ளைகளுக்கு எஞ்சிய வழி கல்வியும் அதன் வழியான அரச உத்தியோகமுமே. 1945இல் இலவசக் கல்வி அவ்வழியை அகலத் திறந்தது. ஆயின் அவ்வழியின் முடிவில் இருந்த உத்தியோகங்களின் தொகை அதே வேகத்திற் பெருகவில்லை. தமிழ் இளைஞரைப் பொறுத்தவரை 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவ்வாயிலை மேலும் ஒடுக்கியது.

2

1960களில் இந்நெருக்கடிக்கு விடையாக முன்வைக்கப்பட்டவையே இளைஞர் குடியேற்றத் திட்டங்கள். முத்தையன்கட்டிலும், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலுள்ள விசுவமடுவிலும் அவை அமைந்தன. மக்கள் அவற்றைப் ‘படித்த வாலிபர் திட்டம்’ என்றே வழங்கினர். பழைய குடியேற்றத்தில் நிலமின்மை தகுதியாயிற்று. இங்கு கல்வி தகுதியாயிற்று. பழைய குடியேற்றவாசி நெல் விளைவித்து உண்ண வேண்டியவன். புதிய வாலிபன் நீரிறைக்கும் இயந்திரத்தின் துணையுடன் மிளகாயும் வெண்காயமும் விளைவித்துச் சந்தைக்கு அனுப்ப வேண்டியவன். ஆகவே, பெயரளவிற் கமக்காரனாயினும் பொருளியல் நிலையில் அவன் ஒரு சிறு முதலீட்டாளனாகவே கருதப்பட்டான்.

1971 ஏப்ரலில் தென்னிலங்கையின் படித்த கிராமிய இளைஞர் நடத்திய கிளர்ச்சி, வேலையின்மையை அரசின் முதற் பிரச்சினையாக்கியது. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் தாபனத்தின் தூதுக்குழு தனது அறிக்கையை வெளியிட்டது. இளைஞரின் எதிர்பார்ப்புகளுக்கும் கிடைக்கும் வேலைகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையை அது வலியுறுத்தியது. 1972–1976 ஐந்தாண்டுத் திட்டமும் பிரதேச அபிவிருத்திச் சபைகளும் இச்சூழலிலேயே தோன்றின. 1972இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் பாடசாலையிற் புகுத்தியதோடு, சாதாரணதரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசியக் கல்விச் சான்றிதழை நிறுவியது.

இச்சீர்திருத்தத்தில் முற்போக்கான ஓர் அம்சம் உண்டு. ஏட்டுக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையிலான பிளவு வர்க்க சமுதாயத்தின் பிளவே என்பதை அது ஓரளவு உணர்ந்திருந்தது. ஆயின் அப்பிளவைப் பாடவிதானத்தால் மாத்திரம் இணைக்க முடியாது. கிராமத்துப் பிள்ளை தன் கிராமத்தின் தொழிலைப் பாடசாலையிற் கற்க வேண்டுமெனில், அத்தொழிலைச் செய்வோர் மதிப்போடும் உரிய கூலியோடும் வாழ்வதை அப்பிள்ளை காணவேண்டும். களத்திற் கூலிக்காரனின் நிலை மாறாதிருக்கையில் வகுப்பறையிற் கைத்தொழிலின் மேன்மையைப் போதித்தால், அதைக் கற்பவர் தமக்கு விதிக்கப்பட்ட ஒரு தாழ்நிலையாகவே கொள்வர். எதிர்பார்ப்பைக் குறைப்பதா, வேலையின் தரத்தை உயர்த்துவதா என்ற வினாவில் அன்றைய திட்டமிடல் முன்னையதையே தெரிவு செய்தது. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் சாதாரணதரப் பரீட்சை மீண்டமை இப்பரிசோதனையின் குறுகிய ஆயுளைக் காட்டும்.

பல்கலைக்கழக அனுமதியிலும் திட்டமிடலின் ஒரு விசித்திரத்தைக் காணலாம். 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதி நன்கறியப்பட்டது. 1974இல் மாவட்ட அடிப்படை சேர்க்கப்பட்டபோது, வவுனியா போன்ற கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு வாயில் திறந்தது. ஆனால் கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இரணைமடு வாய்க்காலோரத்துக் குடியேற்றவாசியின் பிள்ளை, யாழ்ப்பாண நகரத்துப் பெருங்கல்லூரிகளின் மாணவரோடு ஒரே பட்டியலிற் போட்டியிட வேண்டியதாயிற்று. பின்தங்கியோருக்கெனச் செய்யப்பட்ட ஏற்பாடு, நிர்வாக எல்லைக்கோடு ஒன்றின் காரணமாகப் பின்தங்கியோரில் ஒரு சாராரைத் தவறவிட்டது. சமூக நீதியை மாவட்டத்தின் சராசரியால் அளப்பதன் குறைபாடு இதுவாகும்; மாவட்டத்தினுள் இருக்கும் வர்க்க வேறுபாட்டைச் சராசரி காட்டாது.

3

மிளகாயும் வெண்காயமும் உழைப்பை மிகுதியாக வேண்டும் பயிர்கள். நடுகை, களை பிடுங்கல், நீர் பாய்ச்சல், பழம் ஆய்தல் ஆகியவற்றை ஒரு வாலிபன் தனித்து நிறைவேற்றல் இயலாது. திட்டத்தின் கணக்கில் இடம்பெறாத ஒரு கூட்டம் இவ்விடத்தில் வரலாற்றினுட் புகுகின்றது.

மலையகத் தமிழ்த் தொழிலாளர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டனர். 1958இன் வன்செயல்களும், 1973–1974இன் பஞ்சமும், 1977இன் வன்செயல்களும் அவர்களை அலையலையாக வன்னிக்கு விரட்டின. காட்டை வெட்டியோர் அவர்கள். தோட்டக்காரரின் காணியிற் கொட்டில் போட்டுக் காவலும் கூலியுமாக நின்றோர் அவர்கள். குடியுரிமை இல்லாதவர் அரச காணிக்கு உரித்துடைய குடியேற்றவாசி ஆகமுடியாது. ஆகவே அவர்களது உழைப்பை வன்னி ஏற்றது. அவர்களது உரிமையை ஏற்கவில்லை.

இங்கு ஒரு முரணை நாம் கவனித்தல் வேண்டும். தோட்டத்தில் அத்தொழிலாளி கொடிய சுரண்டலுக்கு உள்ளானவராயினும், 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவருக்கு ஒரு குறைந்தபட்சக் கூலி இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. தமிழ்ப் பிரதேசத்திற் பாதுகாப்புத் தேடி வந்தபோது உயிர்ப் பாதுகாப்பைப் பெற்றார். தொழிற் பாதுகாப்பை இழந்தார். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரருக்குக் காப்பளித்ததோடு விவசாயக் கூலியை நிர்ணயிக்கவும் இடம் வைத்தது. ஆயின் அது நெற்காணிக்கு உரியது. மிளகாய்த் தோட்டம் அதன் எல்லைக்கு வெளியே கிடந்தது.

இதே வன்னியிலே வேறொரு வேலைத்தலமும் இருந்தது. ஆனையிறவின் உப்பை மூலப்பொருளாகக் கொண்டு 1950களில் உற்பத்தியைத் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையே அது. அரச கூட்டுத்தாபன ஊழியர் என்ற வகையில் அதன் தொழிலாளருக்கு மாதச் சம்பளம், லீவு, ஊழியர் சேமலாப நிதி என்பன உரியன. அங்கிருந்து முல்லைத்தீவு வீதி வழியே சில மைல் சென்றால் இவற்றில் எதுவுமின்றி உழைப்போரைக் காணலாம். இரு இடங்களும் அரச திட்டத்தால் உருவானவையே. ஒன்றில் அரசு முதலாளியாக இருந்தமையால் சட்டம் உள்ளே சென்றது. மற்றையதில் அரசு காணியைக் கொடுத்துவிட்டு விலகியமையால் சட்டம் வேலிக்கு வெளியே நின்றது.

இவ்வுறவை இன ஒற்றுமையின் பெயரால் மறைப்பது வரலாற்று நேர்மையாகாது. அக்கால இலக்கியத்தில் இதன் சாயல்கள் உண்டு. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) தண்ணிமுறிப்பின் காடும் வயலும் சார்ந்த வாழ்வை நாவலுக்குள் கொணர்ந்தது. செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ (1977) வன்னிக் கமக்காரர் மீதான சுரண்டலைப் பொருளாகக் கொண்டது. சட்டமும் திட்ட அறிக்கையும் காணத் தவறிய உறவுகளை நாவல் கண்டது என்பது இலக்கிய மாணவர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

அரசு விட்ட இடைவெளியை நிரப்ப முனைந்தோரும் உளர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், மருத்துவர் எஸ். இராஜசுந்தரம் ஆகியோரின் முயற்சியால் 1970களில் வளர்ந்த காந்தீயம் அமைப்பு, இடம்பெயர்ந்த மலையக மக்களைக் காணிகளிற் குடியமர்த்தியது. பாலர் பாடசாலைகளை நடத்தியது. கூலிக்காரரின் பிள்ளையிலிருந்து கல்வித் திட்டத்தைத் தொடங்கியமையே இவ்வமைப்பின் சிறப்பு. 1983இல் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார்.

4

1970–1977 காலத்தில் மிளகாய், வெண்காயம் ஆகியவற்றின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் வன்னித் தோட்டங்களுக்கு ஒரு பொற்காலத்தை அளித்தன என்பர். அக்கூற்றில் உண்மை உண்டு. விலை உயர்ந்தது, கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. ஆனால் அச்செழிப்பில் கூலியின் பங்கு எவ்வளவு என்று கேட்கும் நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. 1977இன் இறுதியில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது விலைப் பாதுகாப்பு தகர்ந்தது. தோட்டக்காரர் நட்டமடைந்தார், தொழிலாளி வேலையை இழந்தார். செழிப்பைப் பங்கிடுவதற்கு இல்லாத பொறிமுறை, வீழ்ச்சியின் சுமையைக் கீழே இறக்குவதற்குத் தடையின்றி இயங்கியது. நீதியான வேலைத்தலம் என்பது செழிப்பு வந்தபின் சேர்க்கப்படும் அலங்காரம் என்று கருதுவோருக்கு இது ஒரு பாடமாகும்.

அதனையடுத்து வந்த போரும் இடப்பெயர்வுகளும் 2009இன் பேரழிவும் இவ்வேறுபாடுகளை அழித்துவிட்டனவா? எல்லோரும் எல்லாவற்றையும் இழந்தனர் என்பது உண்மை. ஆயினும் மீள்குடியேறியபோது காணி அனுமதிப்பத்திரம் உடையவர் ஒரு நிலையிலும், பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற குடியிருப்புகளிற் பல்லாண்டு வாழ்ந்தும் ஆவணமற்றிருந்தவர் வேறொரு நிலையிலும் தொடங்க நேர்ந்தது. பழைய திட்டத்தின் வடு புதிய வாழ்விலும் தெரிந்தது.

இன்று வன்னியிற் கல்வி நிறுவனங்களுக்குக் குறைவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும், 2014இல் தொடங்கிய பொறியியல் பீடமும் உள்ளன. 2016இல் அங்கு ஜேர்மன் உதவியுடனான தொழிற்பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. போரின் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்து இளம் பெண்களை வேலைக்கு ஈர்த்துள்ளன. 2016ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபாய், நாளுக்கு 400 ரூபாய் என்று தொடங்கியது. அத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டுள்ளது. ஆயின் பதிவேடும் சம்பளச் சீட்டும் இல்லாத வயலிலும் தோட்டத்திலும் அச்சட்டத்தை எவர் நிறைவேற்றுவது? தொழிற்சாலையிலே சங்கம் அமைக்கும் உரிமை ஏட்டில் உண்டு; அவ்வுரிமையை அச்சமின்றிப் பயன்படுத்துவதற்கு ஏட்டுக்கு அப்பாற்பட்ட ஒரு சமூக வலிமை தேவை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்று. கல்வி, வேலைவாய்ப்பு, வேலைத்தல நீதி ஆகிய மூன்றையும் வெவ்வேறு அமைச்சுகளின் வெவ்வேறு அறிக்கைகளாகப் பிரிக்கும்போது, மூன்றாவது எப்பொழுதும் விடுபட்டுப் போகின்றது. முன்னைய இரண்டுக்கும் குரல்கொடுக்கப் படித்த வாலிபர் இருந்தனர். மூன்றாவதற்குக் குரல்கொடுக்க வேண்டியவருக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. வன்னிக்கென இனி வகுக்கப்படும் எந்தத் திட்டத்தையும், அது எத்தனை பட்டதாரிகளுக்கு வேலை தரும் என்று கேட்பதோடு அமையாது, அவர்களுக்குக் கீழே நின்று உழைப்போரின் கூலியையும் காணியையும் அவர்களது பிள்ளைகளின் பாடசாலையையும் அது எவ்வாறு நோக்குகின்றது என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவை எழுப்பும் பொறுப்பு, அவ்வுழைப்பின் பயனாற் கல்வி பெற்ற நம்மைச் சார்ந்தது.